அறுபத்தொன்றாம் மண்டலத்தில் யாரும் நடப்பதில்லை

ஜூன் 4

தம்பிக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலம் இருக்கிறது. இரும்புப் பாலம். ஏற முப்பத்து நான்கு படி, இறங்க முப்பத்து நான்கு படி. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், மருந்துக்கடை அந்தப் பக்கம், தெருவில் பாதிப் பேருக்கு வேலையும் அந்தப் பக்கம். போன திங்கட்கிழமை பாலத்துத் தூணில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பாலத்தை எடுத்துவிடப் போகிறார்களாம். தண்டவாளத்தை ஒட்டிய காலி இடம் சரக்கு லாரி நிற்கிற இடமாகுமாம். ஆட்சேபணை உள்ளவர்கள் ஆகஸ்ட் 2 கூட்டத்தில் வந்து சொல்லலாமாம்.

காரணத்தையும் கீழே போட்டிருந்தார்கள். எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு வந்தேன். ‘கணினி மாதிரியின்படி 61ஆம் மண்டலத்தில் பாதசாரிகளின் போக்குவரத்து இல்லை.’ அதற்கும் கீழே உங்கள் அலுவலகத்தின் பெயர். அந்தக் கணினி மாதிரி உன்னுடையது என்று சித்தி எப்போதோ பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் தினமும் அந்தப் பாலம் ஏறித்தான் அச்சகத்துக்குப் போகிறார். ப்ரூஃப் பார்க்கிற வேலை, உனக்குத் தெரியும். அறிவிப்பை நின்று முழுசாகப் படித்தார். “ரெண்டு இடத்துல எழுத்துப் பிழை இருக்கு” என்றார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு படியேறி வேலைக்குப் போய்விட்டார். பாலம் போனால் அவர் மேம்பாலச் சாலையைச் சுற்றிப் போக வேண்டும். போக இரண்டரை கிலோமீட்டர், வர இரண்டரை. அந்த வழியில் பஸ் கிடையாது. அவரால் முடியாது, வேலையை விடத்தான் வேண்டும். அவர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் கூடத்தில் நின்று நீ கத்தியதை நான் மறக்கவில்லை. “முழு ஆளா ஒருத்தர் கிடைக்கலையாக்கா உனக்கு? இவரால எவ்வளவு தூரம் நடந்துட முடியும்?” அவர் அப்போது வாசலில் நின்று குடையை மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அன்றைக்கு ஒரு ஆளால் நடக்க முடியாது என்றாய், இன்றைக்கு ஒரு தெருவே நடப்பதில்லை என்கிறாய். நன்றாக முன்னேறியிருக்கிறாய்.

போன் பண்ணாதே. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். எழுது.

அக்கா

•

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கெட்ட செய்தியோ என்று பயம். படித்த பிறகு, கெட்ட செய்திதான், ஆனால் நான் அனுப்பிய செய்தி என்று தெரிந்தது.

அது உன் தெரு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெருப் பெயர்கள் வருவதில்லை. உங்கள் ஊரை நூற்று நாற்பத்து மூன்று மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை வீடு, எத்தனை கடை, எத்தனை வேலை, யார் எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போடுகிறோம். அதை வைத்து அது ஒரு பொய்யூரை உருவாக்குகிறது. அந்த ஊரில் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வேலைக்குப் போவார்கள், வழி சரியில்லை என்றால் வீடு மாறுவார்கள், வீடு மாறினால் கடைகளும் பின்னாலேயே மாறும். இருபத்தைந்து வருடத்தை ஆறு மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒரு பாலம் கட்டினால் என்ன ஆகும், ஒன்றை எடுத்தால் என்ன ஆகும் என்று நிஜ ஊரைத் தொடாமலேயே தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

61ஆம் மண்டலத்தில் போக்குவரத்து ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்திருக்கிறது. அது என் அபிப்பிராயம் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கெடுப்பு. பாலத்தை இருபது பேர் முப்பது பேர் பயன்படுத்தலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஊர் அளவில் பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. முடிவு எடுப்பவனும் நான் இல்லை. என் வேலை கணக்கைக் கொடுப்பது மட்டும்தான்.

அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது புரிகிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அச்சகத்துக்கு அருகில் ஒரு வீடு பார்த்தால் என்ன? நானும் விசாரிக்கிறேன்.

தம்பி

•

ஜூன் 17

டேய் ஸ்கேல்,

இந்தப் பெயரால் உன்னைக் கூப்பிடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும், கட்டிலுக்கு நடுவில் ஸ்கேலை வைத்து “இது என் பாதி, அது உன் பாதி” என்று அளந்து கொடுத்த ஏழு வயதுப் பயல்தான் ஞாபகத்துக்கு வந்தான். நீ அப்படியே இருக்கிறாய். ஸ்கேல்தான் பெரிதாகிவிட்டது.

சரி, உன் பொய்யூருக்கு வருகிறேன். அதில் எங்கள் தெருவில் இருக்கிற குடும்பங்கள் பகல் முழுக்க என்ன செய்கின்றன? யாரும் எங்கேயும் போவதில்லை என்றால் பால் எப்படி வருகிறது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருபத்தைந்து வருடம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டார்களா? அந்தப் பெட்டிக்குள் நாங்கள் எல்லாம் பட்டினி கிடந்து எப்போதோ செத்திருப்போம். நீங்கள் யாரும் வந்து கதவைத் தட்டிப் பார்க்கவில்லையே!

இருபது பேர் முப்பது பேர் என்று எழுதியிருக்கிறாய். என் தையல் மெஷின் ஜன்னலோரம்தான் இருக்கிறது. அங்கிருந்து பாலத்தின் படி முழுக்கத் தெரியும். பள்ளிச் சீருடைக்கு வாங்கி வைத்த சட்டைப் பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் தைக்காமல் உட்கார்ந்து, ஒரு ஆள் படியேறினால் ஒரு பொத்தான் என்று காலி டப்பாவில் போட்டேன். இறங்குகிறவர்களை விட்டுவிட்டேன், கை இரண்டுதானே. எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் அறுநூற்றுப் பதினொன்று. முந்நூறுக்கு மேல் வெள்ளைப் பொத்தான் தீர்ந்து போய் நீலத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது நீ சொல். உன் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டீர்கள்?

இன்னொன்று. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் என் வீட்டுக்காரரை ஒரே ஒரு முறை குறிப்பிட்டிருக்கிறாய், அதுவும் ‘அவருக்கு’ என்று. அதோடு, வீடு மாறச் சொல்கிறாய். உன் பொய்யூர்க் குடும்பம் என்று நினைத்தாயா எங்களை? வழி சரியில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப? என் வாடிக்கை முழுக்க இந்தத் தெருவில்தான் இருக்கிறது.

அக்கா

•

ஜூன் 24

அக்கா,

அறுநூற்றுப் பதினொன்று என்பது என்னைத் தொந்தரவு செய்தது. இரண்டு மணி நேரத்தில், ஒரு பக்கம் மட்டும். உனக்கு எண்ணத் தெரியாது என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பத்து வரை எனக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தவளே நீதான்.

அதனால் மூலப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். 61ஆம் மண்டலத்தில் தொண்ணூற்றாறு வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். அதில் எண்பத்தொன்பது வீடுகளில் ‘பயணம்: இல்லை’ என்று இருக்கிறது. மீதி ஏழு வீடுகளில் பஸ்ஸோ மோட்டார் சைக்கிளோ இருக்கிறது. யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து அள்ளிவிட்ட பொய் இல்லை இது. ஒவ்வொன்றிலும் கதவு எண்ணும் நேரமும் இருக்கிறது.

உன் வீட்டுப் படிவமும் அதில் இருக்கிறது அக்கா. உன் கதவு எண்தான், சரிபார்த்துவிட்டேன். ‘உறுப்பினர் 1: தையல். நேற்றைய பயணங்கள்: 0. உறுப்பினர் 2: அச்சகம், ப்ரூஃப். நேற்றைய பயணங்கள்: 0.’ பதில் சொன்னவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. ‘க்’ மேலே புள்ளி வைக்காமல் கோடு இழுக்கிற அதே கையெழுத்து.

நீயே இல்லை என்று சொல்லிவிட்டு என்னை வந்து கேட்கிறாயே. குத்திக்காட்ட எழுதவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன். ஏன் அப்படிச் சொன்னாய்?

தம்பி

•

ஜூலை 1

தம்பி,

உன் கடிதத்தை மதியம் படித்தேன். அதற்குப் பிறகு தைத்த இரண்டு சட்டைக்கும் கையைத் திருப்பித் தைத்து, பிரித்து மறுபடி தைத்தேன்.

அந்தப் பெண் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வெயிலில் முகமெல்லாம் சிவந்து போயிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, “அக்கா, நேத்து நீங்க ஏதாவது பயணம் போனீங்களா?” என்றாள்.

நான் சிரித்தேன். “பயணமா? நாங்க பயணம் போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா” என்றேன். “சாரும் போகலையா?” என்றாள். “அவரா? அவரு எங்க போறாரு, அச்சகம் விட்டா வீடு, வீடு விட்டா அச்சகம்” என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் குத்தினாள், கடைசியில் அதிலேயே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டாள். குத்தியது பூஜ்யம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறாமைகூட வந்தது. இந்த மாதிரி கேட்கிறார்கள் என்றால், நாள் தவறாமல் பயணம் போகிற வீடுகளும் இருக்கின்றன போல என்று நினைத்தேன்.

தெருவில் நான்கு பேரைக் கேட்டுவிட்டேன். எதிர்வீட்டுத் தச்சர் சொன்னார், “பயணம் ஒண்ணும் போகல, கல்யாணத்துக்கு அடுத்த மாசந்தான் போறோம்னு சொன்னேன்.” மாடிவீட்டு நர்ஸ் சொன்னாள், “டூட்டிக்குத்தான் போயிட்டு வந்தேன், பயணம் எல்லாம் போக நேரமேதுன்னு சொன்னேன்.” தினமும் பாலத்தில் ஆறு முறை ஏறி இறங்குகிறவள் அவள்.

இதை உன் மாமாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுத்துப் பிழையா இருந்தா யாராவது பார்த்திருப்பாங்க. இது சரியான சொல்லுதான், ஆனா கேட்டவங்களுக்கு ஒரு அர்த்தம், சொன்னவங்களுக்கு ஒரு அர்த்தம். இந்த மாதிரித் தப்பு ப்ரூஃப்ல மாட்டாது” என்றார். இருபது வருடத்தில் தன் கையிலும் இப்படிச் சில தப்பித்துப் போயிருக்கும் என்று சொன்னார். உன்மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, எனக்குத்தான் ஆத்திரம்.

ஆத்திரம் உன்மேல் மட்டும் இல்லை. அந்தப் பூஜ்யம் என்னுடையது. என் புருஷன் நடக்கவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ ஆறு வருடம் முன்னால் சொன்னதற்கு உன்னோடு பேச்சை விட்டேன். நான் சொன்னதற்கு யாரோடு பேச்சை விடுவது?

எதையாவது செய். கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

அக்கா

•

ஜூலை 8

அக்கா,

அந்தப் பூஜ்யம் உன்னுடையது இல்லை, என்னுடையது. இதை எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது.

கணக்கெடுப்புப் படிவம் ஆங்கிலத்தில்தான் வந்தது. அதைத் தமிழில் போட வேண்டும் என்றபோது நானே முன்வந்தேன். ஒருவன் வீட்டிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால், அது பத்தடி தூரமானாலும் எங்கள் தொழிலில் ஒரு பயணம். இத்தனை வருடம் அந்த அர்த்தத்திலேயே புழங்கியதில், அந்தச் சொல்லுக்கு வெளியே வேறு அர்த்தம் இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. ‘நேற்று நீங்கள் மேற்கொண்ட பயணங்கள் எத்தனை?’ அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். எங்கள் அலுவலகத் தலைவர் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘நேத்து வீட்டை விட்டு எத்தனை தடவை வெளியே போனீங்க’ என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

வண்டி வைத்திருக்கிறவர்களும் பஸ்ஸில் போகிறவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டு எப்படியோ பதில் சொல்லிவிட்டார்கள். நடக்கிறவர்கள்தான் இல்லை என்று சொன்னார்கள். நடப்பதை யார் பயணம் என்பார்கள்? தேடிப் பார்த்ததில் தண்டவாளத்தை ஒட்டிப் பதினொரு மண்டலங்கள் இப்படிக் கிடக்கின்றன. இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 61 திரையில் சாம்பல் நிறமாக வந்தபோது ‘தூங்குமூஞ்சி மண்டலம்’ என்று பெயர் வைத்தவனும் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மண்டலமே எப்படித் தூங்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழைகள், வேலை வெட்டி இல்லாமல் இருப்பார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். “அறிக்கை அச்சாகிப் போயாச்சு. இப்ப ஒரு வார்த்தை தப்புன்னு சொன்னா மத்த நூத்து முப்பத்திரண்டு மண்டலத்தையும் எவன் நம்புவான்? ரெண்டு வருஷ உழைப்பு மொத்தமும் போயிடும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த உழைப்பில் பாதி அவருடையது. நான் பாலத்தில் நேரடியாக ஆள் எண்ண அனுமதி கேட்டேன். “லீவு போட்டுட்டு என்ன வேணா எண்ணிக்கோ. கூட்டத்துல நீ எழுந்து பேசினா, அது உன் பேச்சு. அதுக்கப்புறம் இந்த வேலைல உன்னை வச்சிருக்கச் சொல்லி என்கிட்ட வராதே” என்றார்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் பெரிய தியாகி மாதிரி இருக்கும். உண்மையில் படிக்கட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஜூலை 15, 16 இரண்டு நாளும் பாலத்தில் இருப்பேன். வீட்டுக்கு வர மாட்டேன். எண்ணுகிறவன் எண்ணப்படுகிறவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

தம்பி

•

ஜூலை 18

தம்பி,

எண்ணுகிறவன் சாப்பிடக்கூடாதாம்! யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை? உனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டுப் போயேன்.

பாலத்து நடுவில் மடக்கு நாற்காலி போட்டு, இரண்டு கையிலும் அந்த டிக் டிக் எண்ணும் கருவியைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததை இரண்டு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இளைத்திருக்கிறாய். முன்நெற்றியில் முடி பாதி போய்விட்டது. வந்து ஒரு அதட்டல் போட்டு இழுத்துக்கொண்டு போகலாமா என்று இரண்டு முறை படி வரைக்கும் வந்தேன். நான் ஏறினால் என்னையும் ஒரு டிக் போடுவாய், கணக்கு கெட்டுவிடும் என்று திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை அவர் ஏறியதையும் பார்த்தேன். உன் பக்கத்தில் நின்றார். ஏதோ பேசினீர்கள். அவர் போன பிறகு நீ குனிந்து உட்கார்ந்திருந்தாய். சாயங்காலம் அவர் வந்ததும், “என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டேன். “உன் தம்பிகிட்டயே கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். இரண்டு நாளாகப் பேப்பருக்குள்ளேயே இருக்கிறார்.

எழுது. ஒன்றையும் மறைக்காமல் எழுது.

அக்கா

•

ஆகஸ்ட் 5

அக்கா,

பாலம் இருக்கும். இதை முதல் வரியில் போட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு வந்த உன் தெருக்காரர்கள் சொல்லி உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், ஆனாலும் இதை என் கையால் எழுத வேண்டும் போலிருந்தது.

இரண்டு நாளும் காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை. முதல் நாள் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர், இரண்டாம் நாள் ஐயாயிரத்து நாற்பது. நான் எழுந்து போன நிமிடங்களை எண்ணவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கணக்கை வைத்துப் பதினொரு மண்டலங்களையும் உத்தேசமாகத் திருத்தி மறுபடி ஓட்டினேன். இந்தமுறை பாலத்தை எடுத்தபோது அந்தப் பொய்யூரில் என்ன ஆயிற்று தெரியுமா? ஐந்து வருடத்துக்குள் உங்கள் பக்கத்திலிருந்து முந்நூறு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. தையல் கடை என்று தனியாக ஒன்று அதில் கிடையாது. ஆனால் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். “கம்ப்யூட்டர் தப்பு செய்யல. கேள்வியை நான் தப்பாக் கேட்டேன்.” தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்து, பழைய வரைபடங்களை அடுக்குகிற பிரிவில் போட்டுவிட்டார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருடம் வளர்த்த ஊர் அது. ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.

இப்போது நீ கேட்டது. புதன்கிழமை காலை ஏழே முக்கால் இருக்கும். மாமா வருவதைக் கீழ்ப்படியிலேயே பார்த்துவிட்டேன். கைத்தடியை ஒரு படி மேலே வைக்கிறார், பிறகு நல்ல கால், பிறகு மற்ற கால். பின்னால் வந்தவர்கள் இயல்பாக ஒதுங்கி ஏறிப் போகிறார்கள். யாரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. அந்தத் தெருவுக்கு அது பழகிய நடை. எனக்குத்தான் பழக்கமில்லை. எழுந்து போய்ப் பிடிக்கலாமா என்று தோன்றியது, எந்த முகத்தோடு போவது?

மேலே வந்து என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார், “என்ன மாப்பிள்ளை, என்னையும் சேத்துட்டீங்களா?”

“சேத்துட்டேன் மாமா” என்றேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்தச் சொல் வாயில் வந்தது.

“முழுசா ஒண்ணாவா, அரையாவா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார் அக்கா. குத்துவதற்காகக் கேட்கவில்லை. “ஒண்ணு மாமா. முழுசா ஒண்ணு” என்று எப்படியோ சொன்னேன். “அப்ப சரி, சாயங்காலம் திரும்பி வருவேன், அதையும் விட்டுடாதீங்க” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். நீ பார்த்தபோது நான் குனிந்து அழுதுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மூன்று பேர் கடந்து போய்விட்டார்கள். ஓடிப் போய் முதுகை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குக் கூடத்தில் நான் சொன்னது அசிங்கம். உன்னை யாரோ கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சப்பைக்கட்டு. மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடமும்.

நேரில் கேட்க வேண்டும். உங்கள் இரண்டு பேரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாமாவுக்கு வீண் சிரமம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தரைத்தளத்தில் நல்ல ஓட்டல் ஒன்று இருக்கிறது. அங்கே அறை போட்டுவிடுகிறேன். நான் அங்கேயே வந்து பார்க்கிறேன். என்ன சொல்கிறாய்?

தம்பி

•

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசிப் பத்திக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. “உன் தம்பி இன்னும் என்னைக் கேட்காமலேயே எனக்குக் கணக்குப் போடறான் பாரு” என்றார். பென்சிலை எடுத்து அந்த ஓட்டல் வரியை மட்டும் அடித்தார். ப்ரூஃபில் அடிக்கிற மாதிரியே, ஓரத்தில் சுழித்து நீக்கக் குறி போட்டு. அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் வரைபடப் பிரிவைப் பற்றி அவர் ஒன்று சொல்லச் சொன்னார். பழைய வரைபடங்களில் தெருப் பெயர்கள் இருக்குமாம். நன்றாகப் படித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். ரயில் நிலையத்துக்கு வந்து நிற்காதே, வழி கேட்டுக்கொண்டு நாங்களே வருவோம். நாங்கள் ஏறுகிற சத்தம் கேட்டதும் கீழே ஓடி வராதே. கையைப் பிடிக்காதே, பையை வாங்காதே, பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிடாதே. ஒவ்வொரு மாடியிலும் அவர் கொஞ்சம் நிற்பார், நானும் நிற்பேன். நேரமாகத்தான் செய்யும். நீ கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு மேலேயே இரு.

அக்கா